ஒல்லாந்துக்காரரின் படுக்கையறையும் நமது துறைமுகமும்



உங்கள் வீட்டுப் படுக்கையறையை ஒருமுறை மனக்கண்ணில் கொண்டு வாருங்கள். அதிலுள்ள சாமான்களை எண்ணிப் பாருங்கள். இப்போது நான் சொல்லும் அறையில் உள்ளவற்றைக் கேளுங்கள்.

ஒரு மரக்கட்டில். அதன் மேல் சிவப்புப் போர்வை, இரண்டு தலையணைகள். வைக்கோல் பின்னிய இரண்டு கதிரைகள். மூலையில் ஒரு சிறிய மேசை. அதன் மேல் முகம் கழுவும் பாத்திரம், தண்ணீர்க் கூசா, சில போத்தல்கள். யன்னலருகே ஒரு கண்ணாடி. கதவோரம் ஆணியில் தொங்கும் துவாய். தலைமாட்டுச் சுவரில் கொளுவிய சில உடுப்புகள், ஒரு வைக்கோல் தொப்பி. சுவரில் சில படங்கள். அவ்வளவுதான். அலுமாரி கூடக் கிடையாது. நமது பகுதியில் பெண் வீட்டார் இப்படி ஓர் அறையைக் காட்டினால் மாப்பிள்ளை வீட்டு மாமிமார் என்ன சொல்வார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை!

இந்த அறையைப் பார்க்கத்தான் பாரிஸ் நகரில், ஓர்ஸே அரும்பொருளகத்தில், உலகின் நாலா பக்கத்திலிருந்தும் மக்கள் வந்து நிற்கிறார்கள். ஏனெனில் அது ஓர் ஓவியம். வரைந்தவர் வின்சென்ட் வான்கோ என்னும் ஒல்லாந்துக்காரர். உயரம் 57 சென்ரிமீற்றர், அகலம் 74 சென்ரிமீற்றர் அளவில்தான் இருக்கும். நாம் தொழும் முசல்லாவை விடச் சிறியது.

ஒல்லாந்தர் என்றால் திருகோணமலைக்காரர்களாகிய நமக்கு நினைவு வருவது கோட்டையும் பீரங்கியும்தான். 1624ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கொண்டு கட்டிய கோட்டையை 1639இல் ஒல்லாந்தர் பிடித்தனர். இன்று புள்ளிமான்கள் மேய்ந்து திரியும் பிரட்றிக் கோட்டை அதுதான். அந்த இனத்தில் பிறந்த ஒருவர் சாதாரண ஒரு கட்டிலையும் கதிரையையும் வரைந்து உலகப் புகழ் பெற்றிருக்கிறார் என்பது எனக்கு ஆச்சரியமாகவே இருந்தது. இன்னுமொன்று. கதிரை, மேசை, யன்னல், துவாய் என்று மேலே நான் எழுதிய சொற்கள் எல்லாம் போர்த்துக்கேயரிடமிருந்து நமது பேச்சுக்கு வந்தவை. கட்டிலும் தலையணையும்தான் நம்முடையவை. கடல் கடந்து வந்தவர்கள் கோட்டையை மட்டுமா விட்டுப் போனார்கள்? நமது படுக்கையறைக்குள்ளும் பெயர் வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

இனிப் பயணக் கதைக்கு வருவோம். என் ராத்தாவின் மகன் பாரிஸில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் வேலை செய்கிறான். அவனுடைய அழைப்பின் பேரில் அண்மையில் அங்கு போயிருந்தேன். லா சப்பல் என்ற பகுதியில் இறங்கினால் நீங்கள் பாரிஸில் இருப்பதே மறந்துவிடும். தமிழ்ப் பெயர்ப்பலகைகள், புடைவைக் கடைகள், நகைக் கடைகள், முருங்கைக்காயும் கருவேப்பிலையும் பரப்பிய மரக்கறிக் கடைகள். யாழ்ப்பாணத்தார்தான் பெரும்பாலும். அவர்களுக்கிடையில் நம்மவர் சிலரும் இருக்கிறார்கள்.

மருமகனின் அறையைச் சொல்ல வேண்டும். அறை ஒன்று, ஆட்கள் நால்வர், கட்டில்கள் இரண்டு. இரவு வேலைக்காரர் எழுந்து போகப் பகல் வேலைக்காரர் வந்து படுப்பார். தலையணை மட்டும் ஆளுக்கொன்று. ஊரில் ராத்தா அவனுடைய கலியாணத்துக்கென்று ஒரு பெரிய தேக்கங்கட்டில் வாங்கிப் பொலித்தீன் கூடக் கழற்றாமல் வைத்திருக்கிறா. அவன் அனுப்பிய காசில்தான் அது வாங்கப்பட்டது. அவன் அதில் ஒருநாளும் படுத்ததில்லை.

ஓர்ஸே அரும்பொருளகம் செய்ன் நதிக்கரையில் இருக்கிறது. 1900ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய புகையிரத நிலையம் அது. பிற்காலத்தில் அதைச் சீர்ப்படுத்தி 1986இல் அரும்பொருளகமாகத் திறந்தார்கள். மேலே கண்ணாடிக் கூரை, உயரத்தில் இன்னமும் பெரிய கடிகாரம். பிரயாணிகள் இல்லையே தவிர நெரிசலுக்குக் குறைவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு கட்டணம் இல்லை என்று மருமகன் அன்றைக்குத்தான் லீவு எடுத்திருந்தான்.

படத்தின் முன்னால் நின்று அவன் கேட்ட முதல் கேள்வி: "மாமா, இந்த ரூமுக்கு என்ன வாடகை வரும்?"

சிரிப்பு வந்தாலும் அது நல்ல கேள்வி. அதற்குப் பதிலும் உண்டு. பிரான்சின் தெற்கே ஆர்ல் என்றொரு பட்டணம். 1888 பெப்ரவரியில் அங்கு போய்ச் சேர்ந்த வான்கோ, மே மாதத்தில் லமார்த்தீன் சதுக்கத்தில் மஞ்சள் பூசிய ஒரு வீட்டின் ஒரு பகுதியை எடுத்தார். நான்கு அறைகள். மாத வாடகை 15 பிராங்க். ஆனால் வீட்டை எடுத்தவரிடம் படுக்கக் கட்டில் இல்லை. செப்டெம்பர் வரை வேறிடத்தில்தான் தூங்கினார். அவருடைய செலவு முழுவதையும் பாரிஸில் ஓவிய வியாபாரத்தில் வேலை பார்த்த தம்பி தியோதான் பார்த்து வந்தார். தளபாடம் வாங்கத் தம்பி 300 பிராங்க் அனுப்பினார். அதில் இரண்டு கட்டில்களும் பன்னிரண்டு கதிரைகளும் ஒரு கண்ணாடியும் வந்தன. கட்டில்களில் ஒன்று வாதுமை மரம், மற்றது மலிவான பைன் மரம். நல்ல கட்டில் வரப்போகும் விருந்தாளிக்கு, மலிவானது தனக்கு. படத்தில் நாம் பார்ப்பது அந்த மலிவான கட்டில்.

விருந்தாளி யார்? கொகான் என்னும் இன்னோர் ஓவியர். ஓவியர்கள் பலர் ஒன்றாகத் தங்கி வேலை செய்யும் வீடாக அதை ஆக்க வேண்டும் என்பது வான்கோவின் கனவு. அக்டோபர் நடுப்பகுதியில், கண்கள் களைத்து, ஓய்வெடுக்க வேண்டிய நிலையில் இருந்தபோது, தன் அறையையே வரைந்தார். நிறங்களைப் பார்த்த மாத்திரத்தில் பார்ப்பவருக்கு நித்திரையும் நிம்மதியும் நினைவுக்கு வர வேண்டும் என்ற எண்ணத்தில்தான் அதை வரைந்ததாகத் தம்பிக்கும் கொகானுக்கும் கடிதம் எழுதினார். நிழல்களை வேண்டுமென்றே விட்டுவிட்டார். யப்பானிய அச்சுப் படங்களில் அவருக்கிருந்த மோகம் அதற்குக் காரணம். யப்பான் என்ற பெயரை இங்கே நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அறை சற்றுக் கோணலாகத் தெரிகிறதே, கட்டில் நம்மை நோக்கிச் சரிந்து வருவது போல் இருக்கிறதே என்று பலர் கேட்பதுண்டு. உண்மையில் அந்த அறையே சதுரமானது அல்ல. ஒரு பக்கச் சுவர் சாய்வாகத்தான் கட்டப்பட்டிருந்தது. கொஞ்சம் கொத்தனார் செய்தது, கொஞ்சம் ஓவியர் செய்தது.

கொகான் அக்டோபர் 23இல் வந்தார். இரண்டு மாதம்தான். டிசம்பர் 23 இரவு இருவருக்கும் மூண்ட சச்சரவின் பின் வான்கோ தன் காதைத் தானே வெட்டிக் கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். கொகான் பாரிஸ் திரும்பிவிட்டார். பூட்டிக் கிடந்த மஞ்சள் வீட்டில் அடுப்பு மூட்டி வைக்க ஆளில்லை. ரோன் நதி பெருகிய காலத்தில் சுவர்களில் ஈரமும் உப்பும் ஊறின. படுக்கையறைப் படம் பழுதடைந்தது. உப்பு ஈரம் ஒரு வீட்டுக்குள் புகுந்தால் என்ன செய்யும் என்பதைக் கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ள சகோதரிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கலியாண அல்பங்களை வெயிலில் விரித்து, ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிரித்தெடுத்த கைகள் உங்களுடையவை.

பழுதான படத்தை வான்கோ தம்பிக்கு அனுப்பினார். திருத்துவதற்கு முன் ஒரு பிரதி எடுத்து வைப்பது நல்லது என்று தம்பி அதைத் திருப்பி அனுப்பினார். அப்போது வான்கோ செய்ன்ற் ரெமி என்ற ஊரில் மனநோயாளர் விடுதியில் இருந்தார். 1889 செப்டெம்பரில், அங்கிருந்தபடியே, அதே அளவில் இன்னொரு படம் வரைந்தார். பின்னர் சிறிதாக மூன்றாவது ஒன்று, உம்மாவுக்கும் தங்கை வில்லுக்கும் கொடுப்பதற்கென்று. முதலாவது இன்று ஆம்ஸ்ரர்டாமிலும் இரண்டாவது சிக்காகோவிலும் இருக்கின்றன. 2016இல் சிக்காகோவில் மூன்றையும் ஓரிடத்தில் கூட்டிக் காட்டினார்கள். நான் பாரிஸில் பார்த்தது மூன்றாவதை, அதாவது உம்மாவுக்கென்று வரைந்ததை.

கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. சுகமில்லாமல் ஒரு விடுதியில் இருக்கும் மகன், தான் சுகமாகக் குடியிருந்த அறையை வரைந்து தாய்க்கு அனுப்புகிறான். வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள தாய்மார் இதைப் படிக்கிறீர்கள். அவர்கள் அனுப்பும் போட்டோக்களில் சிரித்த முகமும் பூந்தோட்டமும்தானே இருக்கும்? மருமகன் ராத்தாவுக்கு அனுப்பும் படங்களில் ஈபிள் கோபுரம் இருக்கும். அந்த நாலு பேர் அறை ஒருநாளும் இருக்காது.

படத்தின் சுவர் இன்று நீலமாகத் தெரிகிறது. ஆனால் அவர் கடிதத்தில் எழுதியது இளம் ஊதா என்று. எது சரி? ஆம்ஸ்ரர்டாமிலும் சிக்காகோவிலும் உள்ள படங்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து பார்த்தவர்கள், அவர் எழுதியதே சரி என்று கண்டார்கள். ஊதா என்பது நீலமும் சிவப்பும் கலந்தது. அந்தக் காலத்துச் சிவப்புச் சாயங்கள் சில, வெளிச்சம் பட்டால் வெளிறிப் போகும் தன்மையுள்ளவை. பூச்சியிலிருந்து எடுக்கும் சாயமும் அவற்றில் ஒன்று. நூறு வருட வெளிச்சத்தில் சிவப்பு பறந்துவிட்டது, நீலம் நின்றுவிட்டது. ஊதாப் புடைவையைக் கொடியில் மாதக் கணக்கில் வெயிலில் போட்டால் என்ன ஆகுமோ அதுதான். நித்திரையை நினைவூட்ட அவர் தேர்ந்த நிறத்தை இன்று எவரும் பார்க்க முடியாது. அந்த நீலத்தைத்தான் உலகம் புகழ்கிறது!

இந்த இடத்தில் சில சகோதரிகள் கேட்பீர்கள்: மௌலவி, உருவப்படம் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று. அறையில் ஆள் இல்லை என்றாலும் சுவரில் மாட்டிய சிறு படங்களில் இரண்டு முகங்கள் இருக்கின்றன. நான் பார்த்த பிரதியில் ஒன்று ஓவியரின் சொந்த முகம், தாடி வழித்தது; மற்றது ஒரு பெண்ணுடையது. உருவம் வரைவது, வீட்டில் மாட்டுவது பற்றி உலமாக்கள் விரிவாக எழுதியுள்ளார்கள். அதைத் தனியாக ஒரு கட்டுரையில் பேசலாம். மரம், மலை, கட்டில், கதிரை போன்ற உயிரற்ற பொருட்களை வரைவதில் தகராறு இல்லை என்பது தெரிந்ததே. நான் அங்கு கட்டிலைத்தான் பார்த்துக் கொண்டு நின்றேன்.

வான்கோ 1890 ஜூலை 29இல், 37 வயதில், துப்பாக்கிக் காயத்தினால் இறந்தார். ஆறே மாதத்தில் தம்பி தியோவும் போய்விட்டார். மிஞ்சியது ஒரு கைக்குழந்தையும், 28 வயது விதவை யோகன்னாவும், யாரும் விரும்பி வாங்காத நூற்றுக்கணக்கான படங்களும், கட்டுக் கட்டாகக் கடிதங்களும். படங்களை வைத்துக் கொண்டிருப்பதில் பயனில்லை என்றுதான் அந்தக் காலத்தில் எவரும் நினைப்பார். யோகன்னா அப்படிச் செய்யவில்லை. ஒல்லாந்துக்குத் திரும்பி, விடுதி நடத்திச் சீவித்துக் கொண்டு, இரவில் மைத்துனரின் கடிதங்களை ஒழுங்குபடுத்தினார். கண்காட்சிக்குக் கண்காட்சி படங்களை அனுப்பினார். 1914இல் கடிதங்களை நூலாக வெளியிட்டார். வான்கோ என்ற பெயர் இன்று நமக்குத் தெரிகிறதென்றால் அது அந்தப் பெண்ணின் உழைப்பு. புத்தகங்களில் அவருடைய பெயர் சின்ன எழுத்தில் வருவது எனக்குப் பிடிக்கவில்லை. தங்கை வில்லின் கதி வேறு. 1902இல் அவரும் ஒரு மனநோய் விடுதியில் சேர்க்கப்பட்டார். 1941இல் இறக்கும் வரை அங்கிருந்து திரும்பவில்லை. ஏறத்தாழ நாற்பது வருடம். அண்ணனுக்கு அரும்பொருளகம் இருக்கிறது. தங்கையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. நம்முடைய வீடுகளிலும் மனம் நோயுற்ற பிள்ளையைப் பின்னறையில் வைத்துவிட்டு, விருந்தாளி கேட்டால் காய்ச்சல் என்று சொல்லும் வழக்கம் இன்னும் போகவில்லை. மற்ற நோய்களுக்கு வைத்தியம் பார்ப்பது போல இதற்கும் பார்க்க வேண்டும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

இப்போது யப்பானுக்கு வருவோம். உம்மாவுக்கென்று வரைந்த சிறிய படம் பின்னர் கைமாறிக் கைமாறி மட்சுகாட்டா கோஜிரோ என்னும் யப்பானியரிடம் வந்தது. யார் இவர்? யப்பானியப் பிரதமர் ஒருவரின் மகன். கோபே நகரில் கவசாக்கி கப்பல் கட்டும் நிறுவனத்தின் முதல் தலைவர். முதலாம் உலக யுத்தத்தில் கப்பல் விற்றுப் பெரும் பணம் சேர்த்தார். அந்தப் பணத்தில் ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கில் ஓவியங்களும் சிலைகளும் வாங்கினார். தனக்காக அல்ல. டோக்கியோவில் ஓர் அரும்பொருளகம் கட்டி, கடல் கடந்து போக வசதியில்லாத யப்பானியப் பிள்ளைகள் அவற்றைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். 1927இல் யப்பானில் வங்கிகள் ஆட்டம் கண்டபோது அவருடைய தொழிலும் விழுந்தது. அடுத்த வருடம் நிறுவனத்திலிருந்து விலகினார். சேர்த்தவற்றில் ஒரு பங்கு விற்றுத் தீர்ந்தது. லண்டனில் இருந்த பங்கு 1939இல் களஞ்சியம் தீப்பற்றி எரிந்தது. பாரிஸில் வைத்தவை அங்கேயே தங்கின. நமது படுக்கையறையும் அவற்றில் ஒன்று.

அதே 1939இல், மட்சுகாட்டா விலகிப் பதினொரு வருடத்தின் பின், அவர் வளர்த்த அந்தக் கோபே கப்பல்துறையிலிருந்து ஒரு பெரிய விமானந்தாங்கிக் கப்பல் கடலில் இறங்கியது. பெயர் சுயிகாக்கு. மங்கல நாரை என்று பொருளாம். அந்த நாரை எங்கு பறந்து வந்தது தெரியுமா? நமது ஊருக்கு!

1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பைத் தாக்கிய யப்பானியக் கடற்படை, 9ஆம் திகதி காலை திருகோணமலைக்கு வந்தது. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள்; அவற்றில் ஒன்று சுயிகாக்கு. துறைமுகம், சீனன்குடா விமானத்தளம், எண்ணெய்க் குதங்கள் எல்லாவற்றிலும் குண்டு விழுந்தது. ஒரு யப்பானிய விமானம் எண்ணெய்த் தாங்கியொன்றில் மோதியதாகவும் அந்தத் தாங்கி நாட்கணக்கில் எரிந்ததாகவும் சொல்வார்கள். நெளிந்து உருகிய அந்த இரும்பை இன்றும் காட்டுகிறார்கள். முதல்நாள் இரவு துறைமுகத்தை விட்டு வெளியேறிய ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் மூழ்கடித்தார்கள். அதில் 307 பேர் இறந்தனர். துறைமுகத்தினுள் எரிந்த சகைங் என்ற கப்பல் எழுபத்தைந்து வருடத்துக்கு மேல் தண்ணீருக்குள் கிடந்து, 2018இல்தான் இலங்கைக் கடற்படையால் மேலே கொண்டு வரப்பட்டது.

என் உம்மம்மாவுக்கு அப்போது பத்து வயது. பட்டணத்துக்குள் குடியிருந்த அவர்களுடைய குடும்பம் வள்ளத்தில் கிண்ணியாப் பக்கம் ஓடியது. மூத்தவர்கள் அரிசியும் நகையும் எடுத்தார்கள். உம்மம்மா தலையணையை மட்டும் எடுத்துக் கொண்டாவாம். மிதியடி கூட இல்லை. "அதுக்கென்ன, தலவாணி இருந்தா எங்கயும் படுக்கலாம் எண்டு நினச்சன்" என்று கடைசிக் காலம் வரை சொல்லிச் சிரிப்பா. பிற்காலத்தில் மூதூரிலிருந்து 2006இல் சனங்கள் கந்தளாய்க்கு நடந்து போனபோதும் அதே காட்சிதான். தோளில் குழந்தை, கையில் ஒரு சுருட்டிய பாய்.

யுத்தம் முடிந்தது. யப்பான் தோற்றது. எதிரி நாட்டவரின் சொத்து என்று பிரெஞ்சு அரசாங்கம் மட்சுகாட்டாவின் ஓவியங்களைத் தன் பொறுப்பில் எடுத்துக் கொண்டது. 1951 செப்டெம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் யப்பானுடன் சமாதான ஒப்பந்தம் எழுதினார்கள். அந்த ஒப்பந்தத்தின்படி ஓவியங்கள் பிரான்சுக்கே சொந்தமாயின.

அதே மாநாட்டில், அதே மேடையில், செப்டெம்பர் 6ஆம் திகதி இலங்கையின் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன எழுந்தார். விமானத் தாக்குதலால் எமக்கும் சேதம் உண்டு, நட்டஈடு கேட்க எமக்கும் உரிமையுண்டு, ஆனாலும் கேட்கப் போவதில்லை என்ற கருத்தில் பேசினார். பகை பகையால் தணியாது என்ற புத்தரின் போதனையை எடுத்துக் காட்டினார். அந்தப் பேச்சுக்காக யப்பானியர் இன்றும் இலங்கையை நன்றியோடு நினைக்கிறார்கள். அவருடைய பிற்கால ஆட்சியைப் பற்றி நமக்கு வேறு எண்ணங்கள் இருக்கலாம். 1983ஐ மறந்தவர் யார்? ஆனால் அன்றைய பேச்சு நல்ல பேச்சு. குண்டு விழுந்த திருகோணமலையின் கணக்கையும் அவர் அங்கே தள்ளுபடி செய்தார். உம்மம்மாவிடம் யாரும் கேட்கவில்லை என்பது வேறு விடயம்!

பிரான்ஸ் 1959இல் மட்சுகாட்டாவின் படைப்புகளில் 370க்கு மேற்பட்டவற்றை யப்பானுக்குக் கொடுத்தது. அவற்றை வைக்க டோக்கியோவில் ஓர் அரும்பொருளகமும் அதே வருடம் திறக்கப்பட்டது. மட்சுகாட்டா அதைப் பார்க்கவில்லை, 1950இலேயே இறந்துவிட்டார். ஆனால் எல்லாவற்றையும் பிரான்ஸ் கொடுக்கவில்லை. விலைமதிப்பான சிலவற்றைத் தனக்கென்று நிறுத்திக் கொண்டது. அப்படி நிறுத்தப்பட்டவற்றில் ஒன்றுதான் படுக்கையறை. 2019இல் டோக்கியோவில் ஒரு கண்காட்சிக்குப் போய், விருந்தாளி போல் சில மாதம் தங்கிவிட்டுப் பாரிஸ் திரும்பியது.

அங்கு நின்று பார்த்தபோது எனக்கு இது சரியாகப் படவில்லை. நாடு யுத்தம் செய்தது, அந்த மனிதர் காசு கொடுத்து வாங்கிய பொருள் போனது. கப்பல் கட்டியவர்தானே, குற்றமற்றவரா என்று மருமகன் கேட்டான். அதுவும் நியாயமான கேள்விதான். அவருடைய செல்வம் யுத்தத்தில் வந்த செல்வம். ஆனாலும் ஓர் ஆளின் குற்றத்தை அவருடைய இனத்தின் மேல் ஏற்றி, அந்த இனத்தைச் சேர்ந்த வேறொருவரின் வீட்டுச் சாமானை எடுப்பது என்ற வழக்கத்தை நாம் திருகோணமலையில் அளவுக்கு மேல் பார்த்துவிட்டோம். தமிழர் வீடு எரிந்ததும், முஸ்லிம் வீடு எரிந்ததும், சிங்களவர் வீடு எரிந்ததும் அந்தக் கணக்கில்தான். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட நம்மவர் கட்டிலையும் அலுமாரியையும் அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள். அவற்றில் யார் யார் படுத்தார்களோ. நியாயமான ஒப்பந்தம் என்று காகிதத்தில் எழுதினாலும் அடுத்தவன் கட்டில் அடுத்தவன் கட்டில்தான்.

"பிரெஞ்சுக்காரன் குடுத்திருந்தா நாம இண்டைக்கு இதப் பாத்திருப்பமா மாமா?" என்றான் மருமகன். டிக்கட் வாங்காமல் பார்த்தவனின் வாதம் அது.

ஆர்ல் நகரிலிருந்த அந்த மஞ்சள் வீடு என்ன ஆனது என்றும் சொல்லிவிடுகிறேன். 1944 ஜூன் 25இல், ஜெர்மனியரை விரட்ட வந்த நேச நாட்டு விமானங்கள் போட்ட குண்டில் அது சிதைந்தது. பின்னர் மிச்சத்தையும் இடித்துவிட்டார்கள். அதற்குப் பின்னால் நின்ற உயரமான கட்டடம் மட்டும் இன்னும் நிற்கிறது. கட்டில், பன்னிரண்டு கதிரை, கூசா, எதுவும் இல்லை.

அரும்பொருளகக் கடையில் ஒரு தபாலட்டை வாங்கி வந்தேன். நான் கற்பிக்கும் பெண்கள் அரபுக் கல்லூரியில், விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவிகளிடம் அதைக் காட்டி, தங்கள் அறையைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். பெரும்பாலானோர் புதிதாகப் பூசிய சுவர், டைல்ஸ், கண்ணாடி அலுமாரி என்று எழுதினார்கள். புல்மோட்டைப் பக்கத்து மாணவி ஒருத்தி எழுதாமல் அட்டையையே பார்த்துக் கொண்டிருந்தாள்.

"என்ன மகள், எழுதல்லையா?"

"ஹஸரத், இவர் தனியாளா இருந்தவரெண்டுதானே சொன்னீங்க. அப்ப ஏன் ரெண்டு தலவாணி? ரெண்டு கதிர?"

விருந்தாளிக்காக இருக்கலாம் என்றேன். விருந்தாளிக்கு வேறு அறை, நல்ல கட்டில் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றாள். வகுப்பு சிரித்தது. மணியடித்தது. மறுநாள் அவள் தந்த தாளில் நாலே வரி இருந்தது. தங்கள் வீட்டில் ஒரே அறை என்றும், உம்மாவும் மூன்று பெண் பிள்ளைகளும் அதில் படுப்பதாகவும், வாப்பா கட்டாருக்குப் போன நாளிலிருந்து அவருடைய தலையணைக்கு உம்மா வெள்ளிக்கிழமை தோறும் உறை மாற்றுவதாகவும் எழுதியிருந்தாள்.